கடல் தரும் உணவும் கலந்து வரும் நஞ்சும்

விழா மலருக்குக் கட்டுரை எழுதப் புகும் பழைய மாணவர் பெரும்பாலும் தம் இளமை நினைவுகளையே எழுதுவர். யானும் ஒரு நினைவுடனேயே தொடங்குகின்றேன். கல்லூரி இரசாயன ஆய்வுகூடத்திலே ஆசிரியர் ஒரு சிறு போத்தலிலிருந்து இரசத்தைத் தட்டொன்றிலே சொட்டிக் காட்டிய நாளை எம்முள் மறந்தவர் இலர். வெள்ளிபோல் ஒளிர்ந்து, நீர்போல் ஓடி, தட்டை அசைத்தவுடன் பல முத்துக்களாய்ச் சிதறி, மீண்டும் ஒன்றாய்க் கூடிய அவ்வுலோகத்தைக் கண்டு யாம் வியந்து நின்றோம். கையால் தொடவேண்டாம் என்று ஆசிரியர் எச்சரித்தார். அவ்வெச்சரிக்கையின் முழுப் பொருளை யான் உணர்ந்தது, பல ஆண்டுகள் கழித்து யப்பான் தேசத்து மினமாட்டா என்னும் கடற்கரைப் பட்டினத்தின் வரலாற்றைப் படித்த போதேயாம். அவ்வரலாற்றை எம்மவர் அறிதல் வேண்டும். மட்டி, சிப்பி, நண்டு முதலிய ஓடுடைய கடலுயிர்களைக் கரையிலே பொறுக்கி உண்டு வாழும் மக்கள் எம் நாட்டிலும் உளர் ஆதலின், அஃது எமக்கும் உரிய பாடமாகும்.

மினமாட்டா, கியூசூ தீவின் மேற்குக் கரையில் உள்ளது. அங்கே சிசோ என்னும் கம்பனியின் தொழிற்சாலை 1932ஆம் ஆண்டு தொடக்கம் அசற்றல்டிகைட்டு என்னும் பொருளை ஆக்கி வந்தது. அதன் ஆக்கத்துக்கு இரசச் சேர்வை ஒன்று ஊக்கியாகப் பயன்பட்டது. தொழிலிடையே இரசத்தின் ஒரு பகுதி மெதைல் இரசம் என்னும் கொடிய சேர்வையாக மாறிக் கழிவுநீருடன் குடாவிற் சென்று கலந்தது. 1950ஆம் ஆண்டுகளின் முற்பகுதியிலே அக்கரையில் வளர்ந்த பூனைகள் தள்ளாடிச் சுழன்று வீழ்ந்து இறந்தன. காகங்கள் பறக்கும் போதே நிலத்தில் வீழ்ந்தன. 1956ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, நடையும் பேச்சும் தடுமாறியவளாய்த் தொழிற்சாலை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டாள். சில நாளில் அவள் தங்கையும் அதே நிலையை எய்தினாள். அவர்கள் வீடு கடலின் விளிம்பிலேயே இருந்தது. வற்று வேளையிற் பொறுக்கிய சிப்பியும் குடாவிற் பிடித்த மீனுமே அக்கரை மக்களின் அன்றாட உணவாம். அவ்வைத்தியசாலைத் தலைவராகிய ஹொசொக்காவா என்னும் வைத்தியர், காரணம் அறியப்படாத மூளைநோய் ஒன்று தோன்றியுள்ளது என 1956 மே 1ஆம் திகதி சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தார். கை கால் விறைத்தல், பார்வை வட்டம் சுருங்குதல், பேச்சுக் குழறல், நடை தளர்தல், வலிப்பு என்பன அந்நோயின் குறிகள். அதனாற் பீடிக்கப்பட்டோர் எனக் குமமோட்டோ, ககோசிமா மாகாணங்களில் அரசினரால் ஏற்கப்பட்டவர் மாத்திரம் 2,200க்கு மேற்பட்டவர்.

கடலிலே கலந்த நஞ்சு கடல் முழுவதும் பரந்து நீர்த்துப் போய்விடும் என்று எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் பிழையாவது ஏன் என்பதை மட்டியே விளக்கும். மட்டியும் சிப்பியும் இரை தேடி அலைவன அல்ல. இருந்த இடத்தில் இருந்து, நீரை உள்ளிழுத்துச் செவுள்களால் வடித்து, அதிலுள்ள நுண்ணுயிர்களையும் துகள்களையும் உண்டு, எஞ்சிய நீரை வெளிவிடுவன. நன்கு வளர்ந்த சிப்பி ஒன்று தக்க சூழலில் நாளொன்றுக்கு நூறு லீற்றருக்கு மேலும் நீரை வடிக்க வல்லது. நீரிலே சிறுதுளியாய்ச் சிதறிக் கிடந்த இரசமும் ஈயமும் கட்மியமும் இவ்வாறு நாள்தோறும் அவ்வுயிரின் தசையிற் சேர்கின்றன. கடல் பரப்பியதை மட்டி மீண்டும் திரட்டுகின்றது. அதனை உண்பவன் அத்திரட்டையே உண்கின்றான். நண்டும் இதற்கு விலக்கன்று. ஓட்டினுள்ளே தசையை அடுத்துள்ள மஞ்சளும் கபிலமுமான பகுதியைச் சுவை மிக்கதென்று பலர் விரும்பி உண்பர். கட்மியம் பெரிதும் தங்குவது அப்பகுதியிலேயே.

இனி, எம் சமையலறை அறிவு இவ்விடத்திற் பயன்படாமையையும் கூறல் வேண்டும். மட்டியிற் கிருமி இருப்பின் நன்றாய் அவித்தாற் கிருமி மடியும். தூய நீரிலே இரண்டு நாள் இட்டுவைத்தாற் பெரும்பாலான கிருமிகளை மட்டி தானே வெளியேற்றிவிடும். எம் தாய்மார் கற்பித்த இவ்வழக்கங்கள் நல்லனவே. ஆயின் உலோக நஞ்சு, அவித்தாலும் அழியாது, பொரித்தாலும் அழியாது, ஓரிரு நாள் நீரில் இட்டாலும் நீங்காது. பழுதுற்ற மீனை மூக்கு அறியும். மெதைல் இரசம் ஏறிய சிப்பியை மூக்கும் அறியாது, நாவும் அறியாது.

உண்டவன் உடலிலும் அந்நஞ்சு விரைந்து நீங்குவதன்று. உட்சென்ற மெதைல் இரசத்திற் பாதி வெளியேறுதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் செல்லும். கட்மியமோ சிறுநீரகத்திலே தங்கி, பாதியளவு நீங்குதற்குப் பத்து முதல் முப்பது ஆண்டு வரை எடுக்கும். ஆதலின் ஆண்டுக்கு ஒருமுறை விருந்திலே சிப்பி உண்பவனுக்கும், நாள்தோறும் அதனையே கறியாக உண்பவனுக்கும் உள்ள ஆபத்து ஒன்றன்று. கருவிலுள்ள குழந்தைக்கோ ஆபத்து மிகப் பெரிது. தாயின் உடலிலுள்ள நஞ்சு குழந்தையை அணுகாது என்று அக்கால வைத்தியர் பலர் நம்பியிருந்தனர். மினமாட்டாவிலே நோய்க்குறி சிறிதும் தோன்றாத தாய்மாருக்கும் மூளை பழுதுற்ற குழந்தைகள் பிறந்தன. தாய் உண்ட நஞ்சைக் குழந்தை ஏற்றுக்கொண்டது என்னும் உண்மை 1962ஆம் ஆண்டிலேதான் முறைப்படி ஏற்கப்பட்டது.

இவ்வளவும் விஞ்ஞானம். யான் வற்புறுத்த விரும்புவது இதற்கு அப்பாலுள்ள ஒரு நீதியையே. 1957ஆம் ஆண்டிலே, குடாவின் மீனும் சிப்பியுமே நோய்க்குக் காரணம் என்பது பெரிதும் தெளிவாகிவிட்டது. குமமோட்டோ மாகாண அதிகாரிகள் உணவுச் சுகாதாரச் சட்டத்தின்படி அவற்றைப் பிடித்தலையும் விற்றலையும் தடைசெய்யலாமோ என்று தலைநகரிலுள்ள சுகாதார அமைச்சைக் கேட்டனர். குடாவிலுள்ள மீனும் சிப்பியும் அனைத்தும் நஞ்சுடையன என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. ஆகவே அச்சட்டத்தைப் பயன்படுத்தல் இயலாது என்று அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் விடை வந்தது. அன்பர்களே, அவ்விடையைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். அனைத்தும் நஞ்சு என்று யாரால் நிறுவ முடியும்? கடலின் ஒவ்வொரு சிப்பியையும் எடுத்துச் சோதித்த பின்னரோ அச்சான்று கிடைக்கும்? உண்பவன் நோயுறுதற்கு அனைத்தும் நஞ்சாயிருத்தல் வேண்டா. அவன் தட்டில் வீழ்ந்தவை நஞ்சாயிருத்தல் போதும்.

அவ்விடையின் பின் நிகழ்ந்தவற்றைக் காண்க. 1958ஆம் ஆண்டிலே தொழிற்சாலை தன் கழிவு வாய்க்காலை ஆற்றின் முகத்துவாரத்துக்கு மாற்றியது. நஞ்சு சிரானுய் கடலெங்கும் பரவியது. 1959ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே குமமோட்டோ சர்வகலாசாலை ஆய்வாளர், காரணம் சேதன இரசமே என்று வெளியிட்டனர். அதே ஆண்டிலே ஹொசொக்காவா தாமே தொழிற்சாலைக் கழிவுநீரைப் பூனை ஒன்றின் உணவிற் கலந்து கொடுத்துப் பார்த்தார். ஒக்டோபர் மாதத்தில் அப்பூனை அந்நோயையே அடைந்தது. கம்பனி அம்முடிவை மறைத்தது. அவ்வாண்டு டிசெம்பர் மாதத்திலே நோயாளருடன் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. நோய்க்குத் தொழிற்சாலையே காரணம் எனப் பின்னர் நிறுவப்படினும் மேலும் நட்டஈடு கேட்பதில்லை என்பது அதன் வாசகங்களுள் ஒன்று. அசற்றல்டிகைட்டு ஆக்கம் நின்றது 1968ஆம் ஆண்டு மே மாதத்திலேதான். அரசினர் காரணத்தை ஒப்புக்கொண்டதும் அவ்வாண்டு செப்டெம்பரிலேதான். சான்று போதாது என்று விடை வந்த நாள் தொட்டுப் பதினோராண்டு கழிந்தது. இடையில், 1965ஆம் ஆண்டில், நீகாட்டா மாகாணத்திலே வேறொரு தொழிற்சாலையின் கழிவால் அதே நோய் மீண்டும் தோன்றியது. 1973ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் குமமோட்டோ நீதிமன்றம் கம்பனியைப் பொறுப்புடையதெனத் தீர்த்து, முன் கூறிய உடன்படிக்கையையும் செல்லாதென்றது. நீதி வந்தது; ஆனாற் சுருங்கிய பார்வை விரியவில்லை.

தெளிவு வருமுன் செயலாற்றுதல் அக்காலத்தில் இயலாததோ எனின், அதே யப்பானே விடை கூறும். சிசுவோக்கா மாகாணத்து ஹமனா ஏரியில் எடுத்த ‘அசரி’ என்னும் மட்டியை உண்டு 1942ஆம் ஆண்டிலே நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அந்நஞ்சு தொழிற்சாலைக் கழிவால் வந்ததன்று. 1949ஆம் ஆண்டிலே நோய் மீண்டும் தோன்றியபோது, நஞ்சின் இயல்பு இன்னதென்று அறியப்படாதிருந்தும், அம்மாகாண அதிகாரிகள் அவ்விடத்து மட்டியை எடுத்தலையும் விற்றலையும் தடுத்தனர். எவ்விடத்து மட்டியை உண்டோர் நோயுற்றனர் என்பதே அவர்களுக்குப் போதிய சான்றாயிற்று. ஒரே தேசம், ஒரே சட்டம், எட்டாண்டு இடைவெளி. ஓரிடத்தில் எதிரே செல்வாக்குள்ள தொழிற்சாலை இல்லை, மற்றையிடத்தில் இருந்தது. இவ்வேறுபாட்டை யான் விரித்துரைத்தல் வேண்டா.

ஆதலின் எனது கருத்து இதுவாகும். நஞ்சுண்டு என்று காட்டும் பாரத்தை உண்பவன் தலையிலே சுமத்துதல் நீதியன்று. நீரிலே தன் கழிவை விடுபவனே அதனுள் யாதுளது என்பதைக் காட்டக் கடமைப்பட்டவன். அவனிடத்திலே இரசாயனியும் கருவியும் கணக்கும் உள. மட்டி பொறுக்கும் பெண்ணிடத்திலே ஒரு கூடையே உளது.

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். ‘இவ்வாறு அச்சமூட்டினால் ஏழை மீனவன் பிழைப்புக் கெடும், சத்துள்ள உணவை மக்கள் வெறுப்பர்’ என்பர். இம்மறுப்பு வெறும் சொல்லன்று. மட்டியிலும் சிப்பியிலும் புரதமும் இரும்பும் நாகமும் மிகுதி. அவற்றைப் பெறும் வேறு வழி இல்லாத குடும்பங்கள் பல. எல்லா மட்டியையும் பழித்தல் அறியாமையாகும். ஆபத்து இடத்தைப் பொறுத்தது. தடை விதித்தல் மட்டும் போதாது என்பதும் உண்மையே. மினமாட்டாவிலே மீனைத் தவிர்க்குமாறு கூறப்பட்ட மக்கள், உண்ண வேறின்மையால் அதனையே உண்டனர். ஆகவே ஒரு கரையை மூடுவோர், அக்கரையால் வாழ்வோர்க்கு வேறு உணவுக்கும் கூலிக்கும் வழிசெய்தல் வேண்டும். அச்செலவை நஞ்சு விட்டவனிடமிருந்தே பெறுதல் வேண்டும்.

அன்றியும், காலந்தாழ்த்தாது செயலாற்றுதல் பிழைப்பைக் கெடுக்காது, காக்கும் என்பதற்கும் சான்றுண்டு. பிரான்சின் மேற்குக் கரையிலுள்ள ஆர்க்கசோன் குடா சிப்பிக்குப் பேர்பெற்றது. 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலே அங்கே சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை; வளர்ந்தவற்றின் ஓடுகளும் தடித்துக் கோணின. வள்ளங்களின் அடிப்பாகத்திற் பாசி பற்றாதிருக்கப் பூசிய வர்ணத்திலிருந்த திரிபியூற்றைல் வெள்ளீயம் என்னும் பொருளே காரணம் எனக் கண்டனர். 1982ஆம் ஆண்டிலே பிரான்சிய அரசினர் சிறு வள்ளங்களுக்கு அவ்வர்ணத்தைத் தடைசெய்தனர். சில ஆண்டுகளிற் குஞ்சுகள் மீண்டும் பிழைத்தன. பின்னர் 2001ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட சர்வதேச உடன்படிக்கை 2008ஆம் ஆண்டு தொடக்கம் நடைமுறைக்கு வந்து, அத்தகைய வர்ணங்களைக் கப்பல்களுக்கும் விலக்கியது. வர்ண வணிகர் சிறிது இழந்தனர். சிப்பித் தொழிலாளர் தம் தொழிலை மீளப் பெற்றனர்.

இனி, எம் கரைக்கு வருவோம். இம்மலரை வாசிப்போருட் பலர் மச்சம் மாமிசம் புசியாதவர். இஃது எமக்கு ஏன் என்று அவர் வினவலாம். எம் வீட்டுக் கழிவும், வாகனம் திருத்துமிடத்துப் பழைய எண்ணெயும், வயலிலும் தோட்டத்திலும் தெளித்த மருந்தும் மழைநீருடன் இறுதியிற் சென்று சேருமிடம் களப்பும் கடலுமே. மட்டியை உண்ணாதவரும் மட்டிக்கு உணவிடுகின்றனர். வடக்கின் பரவைக் கடலிலும் கிழக்கின் களப்புக்களிலும் முழந்தாளளவு நீரிற் குனிந்து, விரலாற் சேற்றைத் துழாவி மட்டி எடுப்போர், யாம் விட்டதை எம்மிலும் முன்னர் உண்பவர்.

எமது களப்புக்களை மினமாட்டாக் குடாவுக்கு ஒப்பிடுதல் பொருந்தாது. அத்தகைய தொழிற்சாலை எதுவும் அவற்றின் கரையில் இல்லை. எனினும் கடல்வழி வரும் கேடு எமக்குப் புதிதன்று. 2021ஆம் ஆண்டு மே மாதத்திலே கொழும்புத் துறைமுகத்துக்கு அணித்தாய் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் சரக்குக் கப்பல் தீப்பற்றி எரிந்து பின்னர் அமிழ்ந்தது. அதிலிருந்த 1,486 கொள்கலங்களுள் 25 தொன் நைத்திரிக்கமிலமும், ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளும் இருந்தன. அம்மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. அரசினர் அப்பகுதியில் மீன்பிடித்தலை உடனே தடைசெய்தனர்; அது தக்க செயலே. ஆயின் கப்பல் எரிவதைக் கண்ணாற் கண்டமையால் யாம் விழித்தோம். வாய்க்கால் வழியாக நாள்தோறும் சிறுகச் சிறுக வருவதற்குப் புகையும் இல்லை, தீயும் இல்லை.

இங்கே நாணத்தக்க ஒன்றையும் கூறல் வேண்டும். ஐரோப்பிய நாடுகள் தாம் வாங்கும் மட்டி வகைகளில் கிலோகிராமொன்றுக்குக் கட்மியம் 1 மில்லிகிராமுக்கும், ஈயம் 1.5 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது என்று விதித்துள்ளன. ஆகவே விலைகொடுத்து வாங்கும் அந்நியன் தட்டுக்குச் செல்வது சோதனைக்கு உட்படும். விற்பனைக்கு வாராது, கரையிலிருந்து நேரே அடுப்புக்குச் செல்லும் மட்டியைச் சோதிக்கும் வழக்கம் எந்நாட்டிலும் அரிது. காசு கைமாறாத இடத்திற் காவலும் இல்லை.

அக்காவலை ஏற்படுத்தும் வழி புதிதாகக் காணவேண்டியதன்று. 1975ஆம் ஆண்டிலே அமெரிக்க விஞ்ஞானி எட்வேட் கோல்ட்பேக், கரைதோறும் சிப்பிகளை எடுத்துச் சோதித்துக் கடலின் தூய்மையை அளத்தல் கூடும் என்று எடுத்துரைத்தார். 1986ஆம் ஆண்டு தொடக்கம் அமெரிக்க அரசினர் அதனைத் தம் கரையெங்கும் நடத்தலாயினர். இடம் பெயராத மட்டி, தான் வாழும் நீரின் வரலாற்றைத் தன் தசையிலே பதித்து வைத்திருக்கும் சாட்சி. நஞ்சைத் திரட்டும் அதன் இயல்பே, நஞ்சை எமக்கு முன்னறிவிக்கவும் பயன்படும். ஆண்டுதோறும் குறித்த பருவத்திலே, குறித்த இடங்களிலே, மட்டியை எடுத்து ஈயம், கட்மியம், இரசம் ஆகியவற்றுக்குச் சோதித்து, முடிவைத் தாய்மொழியிற் கரையிலேயே எழுதி வைத்தல் வேண்டும். அதுவரையில், வாய்க்கால் விழும் இடங்களிலும், துறைமுகத்திலும், இயந்திர வள்ளங்கள் திருத்தப்படும் இடங்களிலும் மட்டி எடாதிருத்தலும், கருவுற்ற பெண்களுக்கு அத்தகைய இடத்து உணவைக் கொடாதிருத்தலும் யாவரும் கைக்கொள்ளத்தக்கன.

எமது கல்லூரிக்கு இதிற் பங்கு உண்டு என்பது என் துணிபு. இத்துணை நுண்ணிய அளவை அறியும் கருவிகள் பள்ளி ஆய்வுகூடத்தில் இரா. ஆயின் எந்த வாய்க்கால் எங்கே களப்பில் விழுகின்றது, எவர் எங்கே எப்பருவத்தில் மட்டி எடுக்கின்றனர், வாரத்தில் எத்தனை நாள் உண்கின்றனர் என்று கேட்டு எழுதி வைத்தற்குக் கண்ணும் காலும் கொப்பியும் போதும். உயர்வகுப்பு மாணவர் அதனைச் செய்யலாம். சர்வகலாசாலைகளிலும் ஆய்வு நிலையங்களிலும் வைத்தியசாலைகளிலும் கடமையாற்றும் பழைய மாணவர், அவர்கள் கொணரும் மட்டியைச் சோதித்துக் கொடுக்கலாம். விழா நினைவாகக் கட்டடம் எழுப்புவோம், அது நன்று. ஆண்டுதோறும் எழுதி வளரும் இத்தகைய கரைக்குறிப்பு ஒன்றும் விழா நினைவாகும். நோய் தோன்றிய பின் சான்று தேடுவார்க்கு, நோய் தோன்றுமுன் எழுதிய ஏட்டினும் சிறந்த சான்று வேறில்லை.

2013ஆம் ஆண்டிலே இரசத்தின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்த உடன்படிக்கைக்கு மினமாட்டாவின் பெயரையே இட்டனர். எமது நாடும் அதிற் சேர்ந்துள்ளது. ஓர் ஊரின் பெயர் உலக உடன்படிக்கைக்குச் சூட்டப்படுதல் பெருமையே எனினும், அவ்வூரார் அப்பெருமையை விரும்பிப் பெற்றவர் அல்லர். எம் களப்பு எதற்கும் அத்தகைய பெருமை வாராதிருப்பதாக. தட்டிலே ஓடிய வெள்ளிமுத்தைக் காட்டிக் கையை விலக்குமாறு எச்சரித்த ஆசிரியர், இன்னதால் இன்ன கேடு வரும் என்று யாம் நிறுவிக் காட்டும்வரை காத்திருக்கவில்லை. எம்மை முதலிற் காத்தார். காரணத்தைப் பின்னர்க் கற்பித்தார். கரையோரத்து மக்களுக்கு யாம் செய்யத்தக்கதும் அதுவே.